இரண்டு ரிசல்ட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெளிநாட்டு வேலைக்கு எழுதும் ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு பற்றிச் சென்ற வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பள்ளியில் தமிழ்வழி படித்ததால்தான் நம் ஊர் நர்ஸ்கள் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கிறது என்று அதில் முடித்திருந்தார்கள். நானும் பிளஸ் டூ வரை தமிழ்வழிதான். நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஐந்து வருஷமாக வேலை பார்க்கிறேன். எனக்கு நடந்தது கொஞ்சம் வேறு மாதிரி.

முதல் தடவை திருவனந்தபுரம் போய் எழுதினேன். லிசனிங் 7, ரீடிங் 7, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் 6. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய, என்.எம்.சி. என்னும் அந்நாட்டு கவுன்சில் முதல் மூன்றில் தலைக்கு 7, ரைட்டிங்கில் 6.5 கேட்கிறது. சரி, ஃபெயில். கோச்சிங் சென்டரில் மறுபடி மூன்று மாத ஃபீஸ் கட்டச் சொன்னார்கள், கட்டினேன். எட்டு மாதம் கழித்து எழுதியபோது லிசனிங் 6.5, ரீடிங் 6.5, ஸ்பீக்கிங் 7, ரைட்டிங் 6.5. "ஓவரால் போன தடவையும் ஆறரை, இப்பவும் ஆறரை, அப்படியே நிக்குதேம்மா" என்று வருத்தப்பட்ட சார், மூன்றாவது பேட்சுக்கு என் பெயரை எழுதி முன்பணமும் வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து, பிரிட்டனில் லெஸ்டர் நகரில் வேலை பார்க்கும் சீனியர் அக்கா ஒருவர் போனில் பேசினார். என் புலம்பலைக் கேட்டுவிட்டு, "ரெண்டு ரிசல்ட்டையும் பக்கத்துல வச்சுப் பாருடி" என்றார். பார்த்தேன். முதலாவதில் லிசனிங்கும் ரீடிங்கும் தேறியிருக்கின்றன. இரண்டாவதில் ஸ்பீக்கிங்கும் ரைட்டிங்கும். 12 மாதத்துக்குள் எழுதிய இரண்டு தேர்வுகளைச் சேர்த்துக் காட்ட என்.எம்.சி. அனுமதிக்கிறது. இரண்டிலும் ரைட்டிங் 6க்கும் மற்ற மூன்றும் 6.5க்கும் கீழே இறங்கியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆறு மாதமாக இருந்த கெடுவை 2023இல்தான் 12 மாதமாக்கினார்கள். அதாவது, நான் பாஸாகி மூன்று வாரமாகியிருந்தது. எனக்கும் தெரியவில்லை, மாதாமாதம் ஃபீஸ் வாங்கியவர்களுக்கும் தெரியவில்லை. தெரிந்தும் சொல்லவில்லையோ என்னவோ.

தேர்வின் உள் விஷயங்களும் இப்படித்தான் பாதி மறைந்து கிடக்கின்றன. ரைட்டிங்கில் இரண்டு கேள்விகள், ஒரு மணி நேரம். முதலாவதற்கு 150 சொல், இரண்டாவதற்கு 250. மதிப்பெண்ணில் இரண்டாவதன் எடை முதலாவதைப் போல் இரண்டு மடங்கு. அது தெரியாமல் முதல் தடவை, முதல் கேள்வியில் வந்த வரைபடத்தை விவரிப்பதிலேயே முக்கால் மணி நேரத்தைக் கரைத்துவிட்டேன். இரண்டாவது கேள்விக்கென்று சென்டரில் பன்னிரண்டு கட்டுரைகளை மனப்பாடம் செய்ய வைத்திருந்தார்கள். அதில் ஒன்றை மீதி நேரத்தில் கொட்டிவிட்டு வந்தேன். முழுக்க மனப்பாடம் என்று உறுதியானால் பூஜ்யம் என்று தேர்வு நடத்துபவர்களே வெளியிட்ட மதிப்பீட்டு அட்டவணையில் இருப்பதைப் பிறகுதான் படித்தேன்.

ரீடிங்கில் ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன் (சரி, தவறு, பத்தியில் சொல்லவில்லை) என்று ஒரு வகைக் கேள்வி வரும். எங்கள் பேட்சில் எல்லோரும் அதில்தான் முட்டி நின்றோம். எனக்கு அதை வார்டுதான் புரியவைத்தது. கேஸ் ஷீட்டில் சர்க்கரை பற்றி ஒரு வரியும் இல்லையென்றால் நோயாளிக்குச் சர்க்கரை இல்லை என்று எந்த நர்ஸும் எழுத மாட்டாள். 'இல்லை' என்று எழுதியிருந்தால்தான் இல்லை. எழுதாமல் விட்டிருந்தால் அது நாட் கிவன். லிசனிங்கில் ஒலிப்பதிவை ஒரே ஒரு தடவைதான் போடுவார்கள், எழுத்துப் பிழைக்கும் மதிப்பெண் போகும். பயிற்சித் தாள்களில் 'அக்காமடேஷன்' என்ற சொல்லில் ஒரு 'எம்' எழுத்தை எத்தனை தடவை தின்றிருப்பேன்! ஸ்பீக்கிங்குக்கு வெள்ளைக்காரர் மாதிரி நாக்கைச் சுருட்டப் பழக்கினார்கள். அதுவும் வீண். சொல்வது தெளிவாகப் புரிய வேண்டும். நம் ஊர் வாடை அடிப்பது குற்றமில்லை.

எங்களைப் போன்றவர்களுக்கென்றே ஓஇடி என்று இன்னொரு தேர்வு இருப்பதையும் சென்டரில் யாரும் சொல்லவில்லை. அங்கே ரைட்டிங் என்றால் நோயாளியின் குறிப்புகளைப் படித்துவிட்டு, எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்து ஒரு கடிதம் எழுதுவது. ஸ்பீக்கிங்கில் எதிரே இருப்பவர் நோயாளியாகப் பேசுவார். ஷிப்ட் மாறும்போது தினமும் நாங்கள் செய்வதுதான் இதெல்லாம். என்.எம்.சி. இதையும் ஏற்கிறது: ரைட்டிங்கில் சி பிளஸ், மற்றவற்றில் பி. கட்டணம் ஐஇஎல்டிஎஸ்ஸைவிட அதிகம் என்பது உண்மை. ஆனால் நான் இரண்டு தடவை கட்டியதைக் கூட்டிப் பார்த்தால் அந்தக் கணக்கும் எடுபடாது.

எனக்கு ஆங்கிலம் தண்ணிபட்ட பாடு என்று சொல்ல வரவில்லை. ஆனால் என்னோடு எழுதிய இரண்டு பேர் எல்கேஜியிலிருந்தே ஆங்கிலவழி. அவர்களுக்கும் ரைட்டிங்கில் 6தான் வந்தது. அடுத்த தடவை இது பற்றி எழுதும்போது, எந்த நாட்டு கவுன்சில் எந்தத் தேர்வில் எவ்வளவு கேட்கிறது, எதையெல்லாம் சேர்த்துக் காட்டலாம் என்று தமிழில் அரைப் பக்கம் போடுங்கள். நைட் டியூட்டி முடித்து பஸ்ஸில் போகிறவர்கள் படிப்பார்கள்.

என் இரண்டு ரிசல்ட்டையும் போன மாதம் அனுப்பிவிட்டேன். மூன்றாவது பேட்சுக்குக் கொடுத்த முன்பணம் இன்னும் கைக்கு வரவில்லை.

(அதே ஊரில்தான் இன்னும் வேலை, பெயர் வேண்டாம்.)

செவிலியர் ஒருவர்,
நாகர்கோவில்