திரைப்படச் சங்க ஆண்டறிக்கை: ஜான் கசவெட்டிஸ் படங்களோடு கழிந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு நண்பர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் செயலாளரின் பணிவான வணக்கம்.

2024 ஆகஸ்ட் 14 அன்று நடிகை ஜெனா ரோலண்ட்ஸ் மறைந்த செய்தி வந்தபோது, அவருக்கு அஞ்சலியாக ஒரே ஒரு படத்தைத் திரையிடுவதா, அல்லது அவருடைய கணவர் ஜான் கசவெட்டிஸ் இயக்கிய படங்களை வரிசையாகப் பார்ப்பதா என்ற கேள்வி செயற்குழுவில் எழுந்தது. இரண்டாவது யோசனையே ஏற்கப்பட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே முன்வைக்க இருப்பதால், இந்த அறிக்கையில் நாம் பார்த்த படங்களைப் பற்றியும் அவற்றுக்குப் பின்னே நின்ற வாழ்க்கையைப் பற்றியுமே பேச அனுமதி கோருகிறேன்.

கசவெட்டிஸ் 1929 டிசம்பர் 9 அன்று நியூயார்க்கில், கிரேக்க வம்சாவளிப் பெற்றோருக்குப் பிறந்தார். குழந்தைப் பருவத்தில் சில ஆண்டுகள் கிரேக்கத்தில் வாழ்ந்துவிட்டு ஏழு வயதில் நியூயார்க் திரும்பியபோது அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அமெரிக்க நாடகக் கலைக் கழகத்தில் பயின்று, 1950களின் தொலைக்காட்சி நாடகங்களிலும் பிறகு திரைப்படங்களிலும் நடிகராக அறியப்பட்டார். ரோலண்ட்ஸை 1954இல் மணந்தார்.

அவர் இயக்குநரான விதம் விசித்திரமானது. 1957இல் ஒரு நள்ளிரவு வானொலி நிகழ்ச்சியில் பேசிக்கொண்டிருந்தபோது, சாதாரண மனிதர்களைப் பற்றிய படம் வேண்டுமென்றால் மக்களே பணம் அனுப்பட்டும் என்று அவர் சொல்லிவைக்க, கேட்டவர்கள் உண்மையிலேயே பணம் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். தான் நடத்திவந்த நடிப்புப் பட்டறையின் மாணவர்களைக் கொண்டு, 16 மி.மீ. படச்சுருளில், நியூயார்க் தெருக்களில் அவர் எடுத்த ‘ஷேடோஸ்’ அப்படித்தான் பிறந்தது. 1958இல் திரையிட்ட முதல் வடிவம் அவருக்கே நிறைவு தரவில்லை. பலர் அதைப் பாராட்டியும் அவர் அடங்கவில்லை. புதிய காட்சிகளை எழுதி, நடிகர்களை மீண்டும் அழைத்து, பெரும்பகுதியைப் புதிதாக எடுத்து 1959இல் இரண்டாவது வடிவத்தை வெளியிட்டார். நாம் பார்த்தது இந்த இரண்டாவது வடிவம்தான். நீங்கள் பார்த்த படம் ஒத்திகையின்றி உடனுக்குடன் உருவானது என்ற பொருளில் அதன் இறுதியில் வரும் எழுத்துகளை நம்பி, கசவெட்டிஸ் படங்களில் எல்லாமே நடிகர்கள் அந்த நேரத்தில் பேசியவை என்ற கருத்து நிலைபெற்றுவிட்டது. இந்தத் தவறு நம் கலந்துரையாடலிலும் தலைகாட்டியதால் இங்கே பதிவு செய்கிறேன்: பிற்காலப் படங்கள் பெரும்பாலும் அவர் கைப்பட எழுதிய வசனங்களைக் கொண்டவை. வசனத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, அதை எந்த உணர்வோடு பேசுவது என்பதை மட்டும் அவர் நடிகரிடமே விட்டுவிட்டார். தானே நடிகராக இருந்தவருக்கு மட்டும்தான் அந்த அளவு நம்பிக்கை வாய்க்கும் என்பது என் கருத்து.

‘ஷேடோஸ்’ தந்த பெயரால் ஹாலிவுட் அவரை அழைத்தது. அங்கே எடுத்த இரண்டு படங்களுள் 1963இல் வெளிவந்த ‘எ சைல்ட் இஸ் வெயிட்டிங்’ படத்தின் தொகுப்பில் தயாரிப்பாளர் ஸ்டான்லி கிரேமருக்கும் அவருக்கும் கடும் மோதல் ஏற்பட்டு, வெளியான வடிவத்தை அவர் தன் படமாக ஏற்க மறுத்தார். அதற்குப் பின் அவர் கண்டுபிடித்த வழிதான் இந்த ஆண்டு முழுவதும் என்னை வியக்க வைத்தது. மற்றவர்களின் படங்களில் நடித்துச் சம்பாதிப்பது, அந்தச் சம்பளத்தைத் தன் படத்தில் போடுவது. ‘தி டர்ட்டி டஜன்’ படத்தில் நடித்து 1967ஆம் ஆண்டுக்கான சிறந்த துணை நடிகர் ஆஸ்கர் பரிந்துரை பெற்றவரும், 1968இல் ‘ரோஸ்மேரிஸ் பேபி’யில் கணவராக வந்தவரும், வீட்டுக் கார் கொட்டகையில் அமர்ந்து ‘ஃபேசஸ்’ படத்தை வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தவரும் ஒரே ஆள்தான். 1965இல் தன் வீட்டிலும் மாமியார் வீட்டிலும் ஏறக்குறைய ஆறு மாதம் எடுத்த அந்தப் படத்தைத் தொகுத்து முடிக்க மூன்று ஆண்டுகள் பிடித்தன. அதில் மனைவியாக நடித்த லின் கார்லின் அதுவரை அலுவலகச் செயலராக வேலை பார்த்தவர். அவருக்கும், சீமோர் கேசலுக்கும், திரைக்கதைக்காகக் கசவெட்டிஸுக்கும் ஆஸ்கர் பரிந்துரைகள் கிடைத்தன.

நீண்ட நேரம் விவாதம் நடந்தது 1974ஆம் ஆண்டின் ‘எ வுமன் அண்டர் தி இன்ஃப்ளுயன்ஸ்’ படத்துக்குத்தான். மேபல் என்ற இல்லத்தரசியின் மனம் குலைவதையும், அவளை மிகவும் நேசிக்கும் கட்டுமானத் தொழிலாளியான கணவனே அதற்குப் பாதிக் காரணமாக இருப்பதையும் சொல்லும் படம் அது. கசவெட்டிஸ் முதலில் மேடை நாடகமாகத்தான் இதை எண்ணியிருந்தார். ஒவ்வோர் இரவும் இந்தப் பாத்திரத்தை நடித்தால் தன்னால் தாங்க முடியாது என்று ரோலண்ட்ஸ் சொன்னதால் அது படமாயிற்று. படச் செலவுக்காகக் கசவெட்டிஸ் தன் வீட்டை அடமானம் வைத்தார். கணவனாக நடித்த பீட்டர் ஃபாக், ‘கொலம்போ’ தொலைக்காட்சித் தொடரால் புகழ்பெற்றிருந்தவர், தானும் 5,00,000 டாலர் போட்டார். கசவெட்டிஸின் தாயார் கணவனின் தாயாகவும், ரோலண்ட்ஸின் தாயார் மேபலின் தாயாகவும் நடித்தார்கள். விநியோகஸ்தர் யாரும் முன்வராதபோது, திரையரங்குகளுக்குக் கசவெட்டிஸ் தானே தொலைபேசியில் பேசிப் படத்தை ஓட்டினார். சிறந்த இயக்குநர், சிறந்த நடிகை ஆகிய இரண்டு ஆஸ்கர் பரிந்துரைகள் அந்தப் படத்துக்கு வந்தன.

காலையில் வேலை முடிந்து கணவன் தன் கூட்டாளிகள் அனைவரையும் வீட்டுக்கு அழைத்து வர, மேபல் எல்லாருக்கும் ஸ்பகெட்டி பரிமாறும் காட்சி முடிந்தபோது அரங்கில் ஓர் இருமல் ஒலிகூட எழவில்லை. வந்தவர்களை மகிழ்விக்க அவள் ஓரடி அதிகமாக எடுத்து வைக்கிறாள், அவ்வளவுதான். மேசையைச் சுற்றியிருக்கும் முகங்கள் ஒவ்வொன்றாக மாறுகின்றன. இல்லத்தரசிகளான உறுப்பினர்கள் சிலர் அன்று முதன்முறையாக எழுந்து பேசினார்கள். செயலாளர் பொறுப்பில் எனக்குக் கிடைத்த பெரிய மகிழ்ச்சி அதுதான். அந்தக் கூட்டத்தை நேரம் கடந்தும் முடித்துவைக்க எனக்கு மனம் வரவில்லை. அரங்கைத் தாமதமாக ஒப்படைத்ததற்கு நானே பொறுப்பேற்கிறேன்.

‘ஓபனிங் நைட்’ படத்துக்காக 1978இல் பெர்லின் திரைப்பட விழாவில் ரோலண்ட்ஸ் சிறந்த நடிகைக்கான வெள்ளிக் கரடி பெற்றார்; ‘குளோரியா’ 1980இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கப் பரிசை வேறொரு படத்துடன் பகிர்ந்துகொண்டது. இவ்விரண்டும் நன்கு வரவேற்கப்பட்டன. 1970ஆம் ஆண்டின் ‘ஹஸ்பண்ட்ஸ்’ மட்டும் உறுப்பினர்களைப் பிரித்துவிட்டது. நண்பனின் சாவுக்குப் பின் மூன்று ஆண்கள் குடித்தும் கூச்சலிட்டும் திரிவதைப் பொறுக்க முடியாமல் பலர் பாதியில் எழுந்து சென்றார்கள். மதுக்கூடத்துப் பாட்டுக் காட்சி நீளம் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் அழத் தெரியாத ஆண்களின் துயரத்தை அந்த நீளத்தில்தான் அவர் வைத்திருக்கிறார் என்று நம்புகிறேன்.

நிறைவுத் திரையிடலாக 1984இல் வெளிவந்து பெர்லினில் தங்கக் கரடி வென்ற ‘லவ் ஸ்ட்ரீம்ஸ்’ அமைந்தது. கசவெட்டிஸும் ரோலண்ட்ஸும் அதில் உடன்பிறந்தவர்களாக, தங்கள் சொந்த வீட்டிலேயே நடித்தார்கள். கசவெட்டிஸின் உடல்நலம் கெட்டிருந்த காலம் அது. கல்லீரல் நோயால் 1989 பிப்ரவரி 3 அன்று, 59 வயதில் அவர் காலமானார். படத்தின் முடிவில் மழை வழியும் கண்ணாடிக்குப் பின்னே நின்று தொப்பியை அசைத்து அவர் விடைகொடுக்கும்போது, விளக்கைப் போடச் சற்றுப் பொறுக்கும்படி திரையிடும் கருவியை இயக்கும் தம்பியிடம் சைகை காட்டினேன்.

‘ஹஸ்பண்ட்ஸ்’ படத்தை முழுமையாக மறுபடி பார்க்க வேண்டும் என்று, அன்று எழுந்து சென்றவர்களுள் சிலரே எழுத்துமூலம் கேட்டிருக்கிறார்கள். அடுத்த ஆண்டின் முதல் திரையிடலாக அதை வைத்துக்கொள்ளப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோரி, இந்த அறிக்கையை முன்வைக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்