துப்பாக்கியை விடுங்கள், ஸ்பின்னைப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

செல்போன் விளையாட்டுகளால் பிள்ளைகள் கெட்டுப்போவதைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். முக்கால்வாசி துப்பாக்கி, ரத்தம், கொலைவெறி என்றே போகிறது. எழுதியவரின் கவலை நியாயமானதுதான், ஆனால் தேனிப் பக்கம் ரீசார்ஜ் கடை வைத்து தினமும் இந்தப் பையன்களைப் பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர் தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிறார்.

சுடுகிற விளையாட்டு ஆடினால் பையன் நிஜத்திலும் கத்தியைத் தூக்குவானா என்பது அமெரிக்காவில் பல வருடமாக ஓடுகிற சண்டை. கத்துவது, தள்ளிவிடுவது போன்ற முரட்டுத்தனத்தோடு சிறிய தொடர்பு உண்டு, ஆனால் உயிரைப் பறிக்கும் வன்முறைக்கு விளையாட்டைக் காரணமாகச் சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்று அங்குள்ள உளவியல் சங்கம் 2020-ல் சொல்லிவிட்டது. அதற்காக ஆறு வயதுப் பிள்ளையிடம் கொடுக்கலாம் என்று அர்த்தமில்லை. சரி, அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

என் கடையில் நடப்பது வேறு. பள்ளிக்கூடம் விட்டதும் கையில் கசங்கிய ஐம்பதும் நூறுமாக வருவார்கள். "அண்ணே, ஃப்ரீ ஃபயருக்கு டைமண்ட் போட்டு விடுங்க" என்பார்கள். அவ்வளவு நீள ஐடி நம்பரும் மனப்பாடம். டைமண்ட் என்பது அந்த விளையாட்டுக்குள் செல்லும் காசு. அது எதற்கு என்றால், ஸ்பின் என்கிற அதிர்ஷ்டச் சக்கரம் சுற்ற. சுற்றினால் விளையாட்டில் வரும் துப்பாக்கிக்கு ஒரு ஸ்கின்னோ (புதுத் தோற்றம்), ஆளுக்கு ஒரு சட்டையோ, ஆடுவதற்கு ஒரு ஸ்டெப்போ விழும். எது விழும் என்று யாருக்கும் தெரியாது. கேட்டது விழவில்லையா, இன்னொரு சுற்று. அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும், முன்பெல்லாம் பெட்டிக்கடை வாசலில் சுரண்டல் லாட்டரியை நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்பார்களே, அதே முகம். குடும்பங்கள் நாசமாகின்றன என்று லாட்டரியை 2003-லேயே தடை செய்த மாநிலம் நம்முடையது.

ஒரு அம்மா பாஸ்புக்கோடு வந்தார். மகளிர் குழு லோன் பணம் கணக்கில் இருந்திருக்கிறது, 80, 80, 240, 80 என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஏதோ ரீசார்ஜ் என்று நினைத்திருக்கிறார். நான் விளக்கிச் சொன்னதும், "அந்தச் சட்டையைத் திருப்பிக் கொடுத்தா காசு வருமாப்பா?" என்று கேட்டார்.

அரசாங்கம் தடை போடவில்லையா என்று கேட்கலாம். பப்ஜியை 2020 செப்டம்பரிலும் ஃப்ரீ ஃபயரை 2022 பிப்ரவரியிலும் தடுத்தார்கள், ஆனால் காரணம் நாட்டின் பாதுகாப்பும் தகவல் பாதுகாப்பும். பிள்ளைகள் அல்ல. அப்புறமும் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ப்ளே ஸ்டோரில் இருந்தது. பப்ஜி 2021-ல் பெயர் மாற்றித் திரும்பி வந்தபோது, 18 வயதுக்குக் கீழ் என்றால் ஒரு நாளைக்கு 3 மணி நேரம்தான் ஆடலாம், 7,000 ரூபாய் வரைதான் செலவு செய்யலாம் என்று பெரிய மனதோடு அறிவித்தார்கள். ஒரு நாளைக்கு ஏழாயிரம்! எங்கள் பக்கம் அவ்வளவு சம்பாதிக்க எத்தனை நாள் தோட்ட வேலைக்குப் போக வேண்டும் என்று அவர்களுக்கு யார் சொல்வது? பெற்றோர் நம்பருக்கு ஓடிபி வரும் என்றார்கள். அந்த போனும் பையன் கையில்தானே இருக்கிறது.

பணம் வைத்து ஆடும் ரம்மிக்கு நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை தடை, 18 வயது ஆகாதவர்களுக்கு அனுமதி இல்லை என்று 2025-ல் தமிழ்நாட்டில் விதி போட்டார்கள். அதே வருடம் மத்திய அரசு பண விளையாட்டுக்கே மொத்தத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் எல்லோர் கண்ணும் ரம்மி, போக்கர் மேலேயே இருக்கிறது. ஸ்பின்னைப் போலவே, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் காசு கொடுத்துத் திறக்கும் அதிர்ஷ்டப் பெட்டிகளும் விளையாட்டுகளில் உண்டு. பெல்ஜியத்தில் 2018-லேயே அவற்றைச் சூதாட்டம் என்று சொல்லி நிறுத்த வைத்தார்கள். தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் இதை ஏன் கையில் எடுக்கக் கூடாது?

யூனிஃபார்மில் வருகிறவர்களுக்கு நான் டைமண்ட் போடுவதில்லை. அடுத்த தெருவில் போட்டுக்கொள்கிறார்கள். அந்தக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, அவருக்கும் வாடகை இருக்கிறது. சிறுவர்களுக்கு ஸ்பின்னும் பெட்டியும் விற்கக் கூடாது என்று ஒரு வரி உத்தரவு வந்தால், அதைக் காட்டி நாங்கள் இரண்டு பேருமே இல்லை என்று சொல்லிவிடுவோம்.

இப்படிக்கு,
ஒரு ரீசார்ஜ் கடைக்காரர்,
தேனி மாவட்டம்