பாப்பாவுக்கு, விண்ணப்பக் கட்டுரை எழுதும் நேரத்தில்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தம்பிக்கு அரையாண்டுத் தேர்வு நெருங்குகிறது, படிக்கிறான் என்றுதான் நம்புகிறேன்.

"எழுத உட்கார்ந்தாலே வயிற்றைப் பிசையுதும்மா" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்துவிட்டாய். மறுபடியும் கூப்பிட்டுப் பேசலாம் என்றுதான் நினைத்தேன். ஃபோனில் பேசினால் நடுநடுவே "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் இந்தக் கடிதம். மெஸ்ஸுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து நிதானமாகப் படி.

நீ அனுப்பிய வரைவையும் விண்ணப்பப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் அந்தக் கோடைக்கால ஆராய்ச்சித் திட்டத்தில் கேட்டிருப்பது ஒரே ஒரு கேள்வி. கோடையில் என்ன செய்ய விரும்புகிறாய் என்று சுமார் 250 வார்த்தைகளில் எழுதச் சொல்கிறார்கள். நீயோ, "இந்த வாய்ப்புக்கு நான் தகுதியானவளா?" என்று யாரும் கேட்காத கேள்வியை எடுத்துக்கொண்டு ராத்திரி ஒன்றரை மணி வரை பதில் எழுதிக்கொண்டிருக்கிறாய். அந்தக் கேள்விக்கு 250 வார்த்தையில் யாராலும் பதில் எழுத முடியாது. உன் வயிற்றைப் பிசைவது அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

படிக்கப்போகிறவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வருஷா வருஷம் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போகிறவள், உனக்குத் தெரியும். ஏப்ரல் வெயில், தலைக்கு மேல் சத்தம் போட்டபடி சுற்றும் ஃபேன், முன்னால் ஒரு கட்டு விடைத்தாள். முகப்புத் தாளைக் கிழித்து எடுத்திருப்பார்கள், எந்த ஊர் பிள்ளை என்று தெரியாது. மதியத்துக்கு மேல் கண் எரியும். ஒரே நோட்ஸை மனப்பாடம் செய்த பத்துப் பிள்ளைகளின் தாள் அடுத்தடுத்து வந்தால் எது யாருடையது என்றே மனதில் நிற்காது. அந்த நேரத்தில் ஒரு தாள் வரும். லென்ஸ் படத்தில் கதிரைத் தப்பாகப் போட்டு, அடித்துவிட்டு, பக்கத்திலேயே சரியாக வரைந்து, "பொருள் குவியத்துக்கு உள்ளே இருப்பதால் பிம்பம் இந்தப் பக்கம்" என்று சின்னதாகக் குறிப்பும் எழுதியிருக்கும். நான் நிமிர்ந்து உட்காருவேன். இந்தப் பிள்ளை இங்கே யோசித்திருக்கிறது என்று தெரிந்துவிடும். பக்கத்து டேபிள் டீச்சரிடம்கூடக் காட்டியிருக்கிறேன்.

உன் கட்டுரையைப் படிக்கப்போகிறவரும் இப்படி ஒருவராகத்தான் இருப்பார். ஒரு விஞ்ஞானி, தன் வேலைக்கு நடுவே ஒரு குவியல் விண்ணப்பங்களைப் படிக்க உட்கார்ந்திருப்பார். உன்னைக் கீழே தள்ளிவிட வேண்டும் என்று அவருக்கு எந்த வன்மமும் கிடையாது. திருத்துகிற நாங்களும் மார்க் போட ஒரு இடம் கிடைக்காதா என்று தேடிக்கொண்டேதான் படிப்போம். அந்த இடத்தை நீ முதல் இரண்டு வரிக்குள் காட்டிவிட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது உன் வரைவின் முதல் வரிக்கு வருகிறேன். "சிறு வயதிலிருந்தே நட்சத்திரங்கள் மீது எனக்குத் தீராத ஆர்வம்." உண்மைதான், எனக்கே தெரியும். ஆனால் இயற்பியல் படிக்கும் எல்லாப் பிள்ளைகளும் எழுதக்கூடிய வரி அது. அடுத்ததாக ஐன்ஸ்டீன் மேற்கோள், அதற்கு அடுத்து உன் மதிப்பெண். மதிப்பெண்தான் படிவத்திலேயே தனியாக இருக்கிறதே, பாப்பா.

போன வருஷம் நீ எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாய், ஞாபகம் இருக்கிறதா? கொடைக்கானல் ஆய்வகத்தின் பழைய சூரியப் படங்களை இணையத்திலிருந்து இறக்கி, சூரியன் முகத்தில் கருப்பாகத் தெரியும் சூரியப்புள்ளிகளின் பரப்பை அளக்க பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதியிருந்தாய். புகைப்படத் தட்டில் இருந்த ஒரு கீறலையும் அது புள்ளி என்று எண்ணிவிட்டது. அதற்குச் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பிவிட்டு, உடனே ஃபோன் செய்து ஒரு மணி நேரம் விடாமல் பேசினாய். கீறல் மறுநாள் படத்தில் இருக்காது, நிஜப் புள்ளி இருக்கும், அதுவும் சூரியன் சுழல்வதால் கொஞ்சம் நகர்ந்திருக்கும், பூமியிலிருந்து பார்க்க ஒரு சுற்றுக்குச் சுமார் 27 நாள், அப்படியென்றால் ஒரு நாளைக்கு எவ்வளவு நகர வேண்டும் என்று கணக்குப் போட்டால் பிரித்துவிடலாம் என்றாய். விளிம்புக்குப் பக்கத்தில் வரும் புள்ளிகளில் மட்டும் அந்தக் கணக்கு சொதப்புகிறது, ஏன் என்று தெரியவில்லை என்றும் சொன்னாய். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததைக்கூடப் பார்க்காமல் நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் வரைவில் இதில் ஒரு சொல்கூட இல்லை! அது "சும்மா விளையாட்டாகச் செய்தது" என்று நீ நினைத்திருப்பாய். என் கண்ணுக்கு அதுதான் முழுக் கட்டுரையும். என்ன செய்தாய், எங்கே மாட்டிக்கொண்டாய், அந்த முடிச்சை அவிழ்க்க இரண்டு மாதத்தில் யாரிடம் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும். இந்த மூன்றையும் எழுதினால் 250 வார்த்தை போதவே போதாது. பெரிய பெயர் ஏதாவது வேண்டுமென்றால் எவர்ஷெட்டை ஒரு வரியில் சொல். சூரியப்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை 1909-இல் அவர் கண்டது அந்தக் கொடைக்கானல் மலையில்தான், உன் வேலைக்கு அது உறவு உள்ள பெயர். ஐன்ஸ்டீன் வேண்டாம்.

நீ தோற்ற இடத்தை எழுதலாமா என்று தயங்குவாய். எழுது. விளிம்பில் கணக்கு சொதப்புவதை மறைத்துவிட்டு எல்லாம் முடித்ததுபோல் எழுதினால், அதைப் படிக்கிறவர் உன்னை எதற்காகத் தன்னிடம் கூப்பிட வேண்டும்?

பயம் என்னவோ இதையெல்லாம் சொன்னதும் போய்விடாது. அதற்கு என் வகுப்பில் செய்கிற ஒன்றைச் சொல்கிறேன். ஜெரார்டோ ராமிரெஸ், சியான் பெய்லாக் என்ற இருவர் 2011-இல் சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். தேர்வுக்குச் சற்று முன்னால், தங்களுக்கு என்ன பயம் என்பதை 10 நிமிடம் எழுதிப் பார்த்த மாணவர்கள், முக்கியமாக அதிகம் பதறுகிறவர்கள், தேர்வை மேலாக எழுதியிருக்கிறார்கள். அந்த ஆய்வு தேர்வு பற்றியது, விண்ணப்பக் கட்டுரை பற்றியது இல்லை. ஆனாலும் செய்து பார். ரஃப் நோட்டில் தமிழிலேயே எழுது. கிடைக்காவிட்டால் யார் என்ன சொல்வார்கள், எந்த சீனியரை நினைத்துப் பொறாமையாக இருக்கிறது, எல்லாவற்றையும் எழுது. யாருக்கும் காட்ட வேண்டாம், கிழித்துப் போடு. அதற்கு அப்புறம் லேப்டாப்பைத் திற. லிங்க்ட்இன்னை இந்த மாதம் திறக்காதே. அதில் கிடைத்தவர்கள் மட்டும்தான் எழுதுகிறார்கள்.

ஒன்றரை மணி வரை விழிக்காதே. ராத்திரி எழுதிய வரி எல்லாமே காலையில் பார்த்தால் அழுமூஞ்சியாக இருக்கும்.

எத்தனை இடத்துக்குப் போடுவது என்று கேட்டாய். உன் ரூம்மேட் அமெரிக்காவில் இருக்கும் கால்டெக் பல்கலைக்கழகத்துக்கும் ஜெர்மனிக்கும் போடுகிறாள் என்பதற்காக நீயும் போட வேண்டியதில்லை. கால்டெக்கின் கோடைத் திட்டத்துக்கு முதலில் அங்கே வழிகாட்ட ஒருவர் சம்மதிக்க வேண்டும், அவரோடு கலந்து பேசித்தான் ஆராய்ச்சித் திட்டமே எழுத வேண்டும். அது தனி வேலை. ஆசை இருந்தால் அடுத்த வருஷம் முன்கூட்டியே தொடங்கலாம். இந்த வருஷம் அகாடமி, அப்புறம் புனேயிலேயே இருக்கும் வானியல் ஆராய்ச்சி மையமான ஐயூக்காவின் விடுமுறை மாணவர் திட்டம், இந்த இரண்டும் போதும் என்பது என் எண்ணம். கீறலும் புள்ளியும் இரண்டு கட்டுரைக்கும் ஒரே விதைதான், கேட்கிற கேள்விக்குத் தக்கபடி மாற்றிக்கொள்.

சாட்ஜிபிடியிடம் கொடுத்து எழுதி வாங்கலாமா என்று கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். இலக்கணம் பார்க்க வேண்டுமென்றால், விதி அனுமதிக்கிறதா என்று படித்துவிட்டுச் செய். எழுதித் தரச் சொல்லாதே. அந்தக் கீறலைப் பார்த்தது நீ.

சிபாரிசுக் கடிதம் தரப்போகும் சாரிடம் இந்த வாரமே போய்க் கேள். நீ எழுதியதன் பிரதியையும் அந்த சிவப்பு வட்டப் படத்தையும் கையில் கொண்டு போ. அவருக்கும் உன்னைப் பற்றிக் குறிப்பாக எழுத ஏதாவது வேண்டுமே. கடைசி நாள் வரை காத்திருக்காமல் இரண்டு நாள் முன்னாலேயே அனுப்பிவிடு. கடைசி ராத்திரி எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றுவார்கள், சர்வர் நின்றுவிட்டால் நீ அழுவாய், நானும் இங்கே தூங்க மாட்டேன்.

கிடைக்காமலும் போகலாம். நாடு முழுக்க இருந்து பிள்ளைகள் போடுகிறார்கள், இடம் கொஞ்சம்தான், உன் தலைப்புக்குப் பொருந்தும் ஆள் அந்த வருஷம் மாணவர் எடுக்காமல்கூட இருக்கலாம். அப்படி ஆனால் மே மாதம் வீட்டுக்கு வா. 1904-இலிருந்து எடுத்த சூரியப் படங்கள் கொடைக்கானல் ஆய்வகத்தின் இணையக் காப்பகத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன, அதற்கு யாருடைய தேர்வுப் பட்டியலும் தேவையில்லை. விளிம்புப் பிரச்சினையை நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம். கோள முக்கோணவியல் எனக்கு மறந்துபோச்சு, நீ சொல்லிக்கொடு. சீசன் கூட்டம் குறைந்ததும் வத்தலக்குண்டு வழியாகப் பஸ் ஏறி, ஆய்வகத்தின் அருங்காட்சியகத்துக்கு ஒருமுறை போய் வரலாம்.

கிடைத்தால் ரொம்ப சந்தோஷம், அதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஸ்டாஃப் ரூம் முழுக்க ஸ்வீட் கொடுப்பேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு முதல் பீரியட் கிடையாது. வியாழன் ராத்திரிக்குள் புது வரைவை அனுப்பு, பாதியில் நின்றிருந்தாலும் பரவாயில்லை. உன் ஆங்கிலத்தில் கை வைக்க மாட்டேன், இயற்பியலை மட்டும் பார்த்துச் சொல்கிறேன். அப்பா உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறார், ஸ்வெட்டர் வாங்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா