நடைக்குழு ஆண்டறிக்கை: ஷிரெதொக்கோ போய் வந்த ஆண்டு

அனைவருக்கும் வணக்கம். மாதாந்திர நடைகள் வழக்கம்போல் நடந்தன, சிங்கப்பூரில் நாம் நடக்கும் சுங்கை பூலோவுக்கும் மெக்ரிட்சிக்கும் புது முகங்கள் நிறைய வந்தார்கள். கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். ஜூன் விடுமுறையில் ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவுக்குப் போன பயணம் பற்றித்தான் எல்லாரும் கேட்கிறீர்கள், அதனால் மற்றதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஹொக்கைடோவின் வடகிழக்கில் ஒக்கோட்ஸ்க் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பம் ஷிரெதொக்கோ. 2005-இல் யுனெஸ்கோ அதை உலக மரபுடைமைத் தலமாக அறிவித்தது. முனைவரை சாலை கிடையாது. எரிமலைப் பாறை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. குளிர்காலத்தில் மிதந்து வரும் கடல்பனியோடு நுண்ணிய பாசி வருகிறது, பாசியால் மீன் பெருகுகிறது, இலையுதிர் காலத்தில் ஆறேறும் சால்மனைப் பழுப்புக் கரடி பிடித்துத் தின்கிறது, மிச்சம் காட்டுக்கு உரமாகிறது. இதை அங்கே கேட்டறிந்தபோது கடலையும் காட்டையும் தனித்தனியாக நினைக்கவே முடியவில்லை.

தீபகற்பத்தின் மேற்குக் கரையில் உள்ள உத்தோரோவில் அலை அதிகம் என்று ஒருநாள் படகை ரத்து செய்துவிட்டார்கள். சிலருக்கு ஏமாற்றம்தான். ஆனால் 2022 ஏப்ரலில் அதே கடலில் ஒரு சுற்றுலாப் படகு மூழ்கி, அதிலிருந்த 26 பேரில் ஒருவர்கூட உயிரோடு திரும்பவில்லை. இனி எங்கே போனாலும் படகோட்டி வேண்டாம் என்றால் வேண்டாம்தான், யாரும் வற்புறுத்தக் கூடாது. அப்புறம் கிழக்குக் கரையில் ரௌசு பக்கம் கடல் அமைதியாக இருந்ததால் ஓர்க்கா என்ற கறுப்பு வெள்ளைத் திமிங்கிலக் கூட்டத்தைப் பார்த்தோம், ஆணின் முதுகுத்துடுப்பு ஆள் உயரம் இருக்கும்! ஆஸ்திரேலியாவில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வரும் கடற்பறவைகளும் கூட்டங்கூட்டமாக இருந்தன.

ஐந்து ஏரிப் பகுதியில் மே 10 முதல் ஜூலை இறுதிவரை தரைப்பாதையில் வழிகாட்டி இல்லாமல் போக முடியாது, கரடி தென்பட்டால் எல்லாரும் திரும்பிவிட வேண்டும். மின்வேலி போட்ட உயரமான மரநடைபாதை மட்டும் எல்லாருக்கும் திறந்திருக்கும். அங்கே சொல்லப்படும் ஒரு கரடியின் கதை என்னை விட்டுப் போகவில்லை. 1997-இல் சுற்றுலா வந்த யாரோ ஒருவர் காரிலிருந்து அதற்கு ஒரு சாசேஜ் போட்டிருக்கிறார். ருசி கண்ட கரடி மனிதர்களைத் தேடி வர ஆரம்பித்து, அடுத்த ஆண்டு பள்ளிக்கூடம் அருகே வந்துவிட்டதால் சுட வேண்டியதாயிற்று. அன்பாகத்தான் போட்டிருப்பார், ஆனால் உயிர் போனது கரடிக்கு.

நம் ஊர்க் குரங்குகளுக்கும் இதேதான் நடக்கிறது. வனவிலங்குக்குத் தீனி போட்டால் முதல் முறையே 5,000 வெள்ளிவரை அபராதம் என்று சட்டம் இருந்தும், மெக்ரிட்சியில் ரொட்டி நீட்டுபவர்களை இன்னும் பார்க்கிறோம். ஆகவே செயற்குழு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறது: நம் நடைகளில் தின்பண்டம் பைக்குள்ளேயே இருக்க வேண்டும், பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டு யாரும் நடக்கக் கூடாது. பிள்ளைகளோடு வரும் பெற்றோர் இதைக் கட்டாயம் வீட்டிலேயே சொல்லிக் கூட்டி வாருங்கள்.

அடுத்து, கடல்பனியையும் ஸ்டெல்லர் கடற்கழுகையும் பார்க்க பிப்ரவரியில் போகலாமா என்று கேட்டிருக்கிறார்கள். சரி, விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் பெயர் கொடுங்கள். முட்டிவலி, ஆஸ்துமா இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.