மூடி திறக்காமல் வந்த தூக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

பாலாற்று வெள்ளம் வடிந்து இரண்டு வாரம் ஆகிறது. சேற்றை வாரி, பினாயில் ஊற்றிக் கழுவி, கதவையும் ஜன்னலையும் திறந்துபோட்டு வீட்டைக் காய வைத்திருக்கிறோம். சுவரில் என் தோள் உயரத்துக்கு ஒரு செம்மண் கோடு நிற்கிறது. எவ்வளவு தேய்த்தும் அது மட்டும் போகவில்லை. அந்த இரவைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. விரிஞ்சிபுரம் பக்கம் ஆற்றை ஒட்டிக் குடியிருக்கிற நம் எல்லோருக்கும் அது தெரியும்.

அம்மாவைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்த தெருப் பிள்ளைகளுக்கும், நடுராத்திரியில் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்ட வாத்தியாருக்கும், எங்கிருந்தோ அண்டா அண்டாவாகச் சோறு கொண்டுவந்து இறக்கிய பாய்மார்களுக்கும், கம்பம் கம்பமாக ஏறிய லைன்மேன்களுக்கும், தன் பீரோவிலிருந்து மடிப்புக் கலையாத இரண்டு புடவைகளை எடுத்து அம்மா மடியில் வைத்த அடுத்த தெரு அக்காவுக்கும் என் நன்றி. தீபத்தன்று பள்ளிக்கூட வராந்தாவில் ஐந்து அகல் ஏற்றி வைத்தாளே ஒரு சின்னப் பெண், அவளுக்கும். இது வீடு வீடாக வந்து சொல்ல வேண்டிய நன்றி. கொஞ்சம் நிமிர்ந்ததும் கட்டாயம் வருவேன்.

ஆனால் என்னை இப்போதே உட்கார்ந்து எழுத வைத்தது, முந்தாநாள் எங்கள் வாசலுக்கு வந்த ஒரு எவர்சில்வர் தூக்கு.

பின்பக்கத் தாழ்வாரம் மண்சுவரோடு சரிந்தபோது அங்கே தொங்கிக்கொண்டிருந்ததெல்லாம் ஆற்றோடு போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் இருந்த நாளெல்லாம் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "தாவாரத்துல இருந்த தூக்கு இன்னா ஆச்சு?" டிவி போச்சு, மிக்சி போச்சு, பிள்ளைகளின் சர்ட்டிபிகேட் நனைந்துபோச்சு என்று ஓடிக்கொண்டிருந்த நாங்கள் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. எண்பத்தொரு வயதில் ஏதோ கேட்கிறார் என்று விட்டுவிட்டோம். அம்மா, அதற்காக உங்களிடம் இங்கே, எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கிறேன்.

முந்தாநாள் பதினோரு மணி வெயிலில் ஒரு பெரியம்மா வந்தார். கூடவே பத்து வயசுப் பேரன். துணிப்பைக்குள் கையை விட்டு, பழம்புடவைத் துண்டில் சுற்றியிருந்ததை எடுத்து, "இது உங்க ஊட்டு சாமானா பாருமா" என்றார். சுற்றியிருந்த துணியை அவிழ்த்ததும் எனக்குக் கை நடுங்கியது. அடியில் ஒரு பக்கம் நசுங்கி, உடம்பெல்லாம் கீறல் விழுந்து, அதே தூக்கு. மூடி அப்படியே இறுகியிருந்தது.

அவர் அக்கரைக்காரர். வெள்ளத்தில் அவருக்கு இரண்டு ஆடு போய்விட்டது. ஆட்டைத் தேடிக் கரையோரம் போனபோது வேலிக்காத்தான் புதரில் இது மாட்டிக்கொண்டு மினுக்கியிருக்கிறது. எடுத்து ஆட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே கலகல என்று சத்தம். அந்தச் சத்தம் காசாக இருக்கலாம், நகையாகவும் இருக்கலாம். வீட்டில் இரண்டு உருப்படி பறிபோன வாரத்தில் அது அவர் கையில் இருந்தது.

"தொறந்து பாக்கலியா பெரியம்மா?" என்று கேட்டேன்.

"யார் ஊட்டு சாமானோ, நம்ம எதுக்குத் தொறக்கணும்?"

அவர் எங்களைக் கண்டுபிடித்ததே தூக்கின் மேல் வெட்டியிருந்த எழுத்தை வைத்துத்தான். அவருக்குப் படிக்கத் தெரியாது. பேரனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லியிருக்கிறார். முதல் வரி "முருகன் துணை". பையன் "முருகன் து" வரைக்கும் வாசித்துவிட்டு, "ஆயா, அப்புறம் யானை தும்பிக்கை மாதிரி ஏதோ கீது" என்று நின்றுவிட்டான். அவன் பேரில் தப்பே இல்லை. அது பழைய ணை. 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது நான் ஆறாம் வகுப்பு. வாத்தியார் கரும்பலகையில் தும்பிக்கை வைத்த ணை, லை, னை எல்லாவற்றையும் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் கோடு அடித்து, பக்கத்தில் புதிய எழுத்தை எழுதிக் காட்டினார். ஐந்து வருஷம் கஷ்டப்பட்டுப் பழகிய தும்பிக்கையை விட எனக்கு மனசே வரவில்லை.

அடுத்த வரியில் அப்பா பெயர், அதன் கீழே எங்கள் ஊர், அதற்குப் பக்கத்தில் "வ.ஆ.", கடைசியில் 1974. பையனுக்கு "வ.ஆ." புரியவில்லை. அவன் பிறந்து வளர்ந்தது வேலூர் மாவட்டத்தில். வடாற்காட்டை 1989-ல் இரண்டாகப் பிரித்தார்கள், 2019-ல் மிச்சம் இருந்ததை மூன்றாக்கினார்கள். அப்படி ஒரு மாவட்டம் இருந்ததே அவனுக்குத் தெரிய வழியில்லை. ஆனால் அந்த இரண்டு எழுத்தை அவன் சத்தமாகச் சொன்னதும், எழுதப் படிக்கத் தெரியாத ஆயா சொல்லியிருக்கிறார்: "வடாற்காடுடா. நான் பொறந்த ஜில்லா." அப்புறம் ஊர் பேரைக் கேட்டதும் புறப்பட்டுவிட்டார்.

தரைப்பாலம் இருந்திருந்தால் கூப்பிடு தூரம். அது தண்ணீரில் போன பிறகு காட்பாடி போய், பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வேலூர் போய், அங்கிருந்து பள்ளிகொண்டா பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, இறங்கி நடந்து வந்திருக்கிறார்கள். பஸ் காசாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று எவ்வளவோ கெஞ்சினேன். "டவுன் பஸ்ல பொம்பளைக்குத்தான் சும்மா வுடுறாங்களே. பையனுக்கு மட்டும்தான் டிக்கெட்டு" என்று கையை மடக்கிக்கொண்டார்.

அந்தத் தூக்கு எங்கள் வீட்டுக்கு வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது எனக்கு ஏழு வயசு. வீட்டில் இருந்ததெல்லாம் பித்தளையும் அலுமினியமும் மண் சட்டியும்தான். வருஷத்துக்கு ஒருமுறை ஈயம் பூசுகிறவர் வந்து தெருமுனையில் துருத்தி போட்டு உட்காருவார். எவர்சில்வர் வைத்திருந்தவர்கள் வசதியானவர்கள். அம்மா பீடி சுற்றுவார். இலையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, தகர அளவை மேலே வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, முனையை மடக்கி நூல் கட்டுவார். கண் முறத்தில் இருக்காது, எங்கள் மேல் இருக்கும். விரல் மட்டும் ஓடும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. அதில் மிச்சம் பிடித்து மிச்சம் பிடித்து வாங்கியதுதான் இந்தத் தூக்கு.

வாங்கியதும் நேரே பேர் வெட்டுகிறவரிடம் கூட்டிப் போனார். புங்க மரத்தடியில் சாக்கு விரித்து, சின்ன உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருந்தார் அவர். டொக் டொக் என்று புள்ளி புள்ளியாக எழுத்து வருவதை நான் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துக்கு இத்தனை பைசா என்று கணக்கு. அம்மா விரல்விட்டு எண்ணினார். "முருகன் துணை"யை விட முடியாது. வீட்டுக்காரர் பேர் வேண்டும். ஊர் வேண்டும். "உன் பேரும்மா?" என்று கேட்டேன். "வேணாம், எழுத்து கூடிப்போவும்" என்றார். அவர் விரல் தேய்த்து வாங்கிய பாத்திரத்தில் அவர் பேர் இல்லாமல் போனது அப்படித்தான்.

அதற்கப்புறம் அந்தத் தூக்கு போகாத இடம் இல்லை. ஆடி மாசம் அம்மன் கோயிலில் கூழ் வாங்கப் போகும். பாரதக் கூத்து நடக்கிற ராத்திரிகளில் அவித்த மல்லாட்டையோடு (வேர்க்கடலைதான்) எங்கள் பாய்க்குப் பக்கத்தில் இருக்கும். பொழுது விடிகிறபோது காலியாக இருக்கும். லீவு நாளில் கழனியில் இருக்கும் அப்பாவுக்குக் களியும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுபோவது என் வேலை. வீட்டில் கடிகாரம் கிடையாது. விரிஞ்சிபுரம் கோயிலுக்குள் நேரம் காட்டும் கல் ஒன்று இருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அரைவட்டமாக எண்கள் வெட்டியிருக்கும். மேலே இருக்கிற பள்ளத்தில் குச்சி வைத்தால் நிழல் எந்த எண்ணில் விழுகிறதோ அதுதான் மணி. ஒரு துடைப்பக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே ஓடிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஓடி வந்து தூக்கை எடுத்துக்கொண்டு போவேன்.

அந்தக் காலத்துப் பாலாறு எங்களுக்கு ஒரு மணல்வெளி. தண்ணீர் வேண்டுமானால் மணலைக் கையால் தோண்டுவோம். முழங்கை ஆழத்திலேயே ஊற்று கண் திறக்கும். கலங்கல் தெளிகிற வரைக்கும் காத்திருந்து, கொட்டாங்கச்சியால் மொண்டு தூக்கில் ஊற்றுவோம். அப்படி ஒரு தித்திப்பு. கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு அக்கரையிலிருந்து சொந்தக்காரர்கள் அந்த மணலில் நடந்துதான் வருவார்கள். ராத்திரியெல்லாம் கோயிலில் கூட்டம். குழந்தை வேண்டிச் சிம்மக் குளத்தில் முழுகிவிட்டு ஈரப்புடவையோடு படுத்திருக்கிற பெண்களைத் தாண்டித் தாண்டி நடப்போம். திரும்பிப் போகிற சொந்தக்காரர்கள் கையில் இந்தத் தூக்கு நிறையப் புளிச்சோறு கொடுத்தனுப்புவார் அம்மா. ஒரு வாரம் கழித்து அதே தூக்கு வேறு ஏதாவது ஒன்றால் நிரம்பித் திரும்பி வரும். வெறும் தூக்காக யாரும் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள்.

இந்தத் தடவை வந்ததும் வெறும் தூக்கு இல்லை. மூடியைத் திறக்க எங்களால் முடியவில்லை. பெரியம்மாதான் புடவைத் தலைப்பால் பிடித்து ஒரு திருகு திருகினார். மூடிக்கு அடியில் அம்மா நாலு மடிப்பாக வைத்திருந்த துணி விளிம்பில் மட்டும் ஈரமாக இருந்தது. உள்ளே அம்மாவின் பீடிக் கத்தரி. கலகல என்றது அதுதான். அதற்குக் கீழே பிளாஸ்டிக் பையில் கட்டிய பொட்டலம், அதற்குள் சாம்பலில் புரட்டிய முள்ளுக் கத்தரி விதை. காம்பெல்லாம் முள்ளாக, பறிக்கிற கையைக் குத்துமே, குழம்பில் போட்டால் வெண்ணெயாகக் குழையுமே, அந்தக் கத்தரி. வருஷா வருஷம் செடியிலேயே ஒரு காயைப் பழுக்க விட்டு அம்மா விதை எடுத்து வைப்பார். அம்மாவின் மாமியார் கொடுத்த விதையிலிருந்து தொடர்ந்து வருவது. பள்ளிக்கூடத்தில் அம்மா எதைக் கேட்டுக்கொண்டே இருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

அம்மா விதையை உள்ளங்கையில் கொட்டி, ஒன்றை நகத்தால் அழுத்திப் பார்த்தார். "காஞ்சிதான் கீது" என்றார். அப்புறம் அந்தப் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வீட்டைப் பார்த்தபோதுகூட அழாதவர். பாதி விதையை மடித்து அவர் முந்தானையில் கட்டிவிட்டார். பெரியம்மா வாங்கிக்கொண்டது அது ஒன்றைத்தான்.

பெரியம்மா, உங்கள் பேரைச் சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். உங்களைக் கேட்காமல் அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. இந்த மடலைத் தம்பி உங்களுக்குப் படித்துக் காட்டட்டும். இதில் அவனுக்குத் தெரியாத எழுத்து எதுவும் இல்லை.

தையில் நாற்று விடுவோம். அதற்கு முன்னால், வருகிற கடை ஞாயிறன்று, தூக்கு நிறையப் புளிச்சோறோடு நாங்கள் உங்கள் ஊருக்கு வருகிறோம். மூன்று பஸ் ஆனாலும் வருவோம். வருகிற வழியில் வேலூரில் இறங்கி, மூடியின் மேல் இரண்டு பேர் வெட்டப் போகிறேன். ஒன்று அம்மாவின் பேர், இன்னொன்று உங்களுடையது. நேற்று ராத்திரி இதை அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். எண்ணட்டும், இந்தத் தடவை ஒரு எழுத்துகூடக் குறைக்க விடமாட்டேன்.

உங்கள் எல்லோருக்கும் கடன்பட்ட,
ஆற்றோரத்து வீட்டு மகள்
டிசம்பர் 2021