சுகாதாரப் பக்கமும் சம்பந்தப் பேச்சும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் சுகாதாரப் பக்கத்தில் லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய் பற்றி ஒரு கட்டுரை வந்தது. இந்நோய் பரம்பரை அலகுகளில் ஏற்படும் மாற்றத்தால் வருவதால், சம்பந்தம் பேசுபவர்கள் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததா என்று விசாரிப்பது நல்லது என்று கடைசிப் பந்தியில் எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். வைத்திய ஆலோசனையோடு கலியாணத் தரகும் இலவசமாகக் கிடைக்கிறது. சந்தோஷம்.

உங்களுக்குத் தெரியாததல்ல, ஆனாலும் எழுதுகிறேன். பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகிற மாற்றம் சூலிலோ விந்திலோ இருக்க வேண்டும். லிம்போமாவுக்கு வித்திடும் மாற்றங்கள் ஒரு வெண்குருதிக் கலத்தில் நடப்பவை. அந்த ஆளோடு தொடங்கி அந்த ஆளோடு முடிகிற சங்கதி. வெண்குருதிக் கலங்களில் ஒரு வகையான பி நிணநீர்க்குழியங்கள் என்பு மச்சையில் உருவாகும்போது தங்கள் டிஎன்ஏயைத் தாங்களே வெட்டி ஒட்டுகின்றன. எண்ணற்ற கிருமிகளுக்கு, அவற்றைப் பிடிக்கும் புரதங்களான பிறபொருளெதிரிகளும் எண்ணற்றவை வேண்டுமே. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஜப்பானியரான சுசுமு தொனேகாவாவுக்கு 1987இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒட்டும்போது சிலவேளை இடம் பிசகும். டிஎன்ஏ சுருண்டிருக்கும் இழைகளான நிறமூர்த்தங்களில், 18ஆம் நிறமூர்த்தத்துப் பிசிஎல்-2 என்ற பரம்பரை அலகு, 14ஆம் நிறமூர்த்தத்தில் பிறபொருளெதிரி அலகுக்குப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொண்டால் ஓயாமல் வேலைசெய்யத் தொடங்கும். சாக வேண்டிய கலம் சாகாது. லிம்போமாவில் ஒரு வகையான ஃபொலிக்குலர் லிம்போமா வந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இதுதான் முதற்படி. அது மட்டும் போதாது. அந்தக் கலம் நிணநீர்க் கணுவுக்குப் போய், பிறபொருளெதிரியைத் தீட்டிக் கொடுக்கும் நொதியத்தின் கையில் அகப்பட்டு, வருடக்கணக்கில் வேறு விகாரங்களும் சேர வேண்டும். முதல் மாற்றம் மட்டும் உள்ள கலங்கள் ஒரு நோயுமில்லாத எத்தனையோ பேரின் இரத்தத்தில் ஓடுகின்றன. உங்கள் கட்டுரையாளரின் இரத்தத்திலும் ஓடலாம். அவருக்குப் பெண் கொடுத்தவர்கள் விசாரித்தார்களோ தெரியாது.

ஒருவருக்கு வந்தால் நெருங்கிய இரத்த உறவுகளுக்கு ஆபத்துச் சற்றுக் கூடும் என்பது உண்மைதான். கூடினாலும் மிகச் சிறியது. அதைக் காட்டிச் சம்பந்தத்தைக் குழப்பும்படி எங்களைப் பார்த்த எந்த வைத்தியரும் சொல்லவில்லை. சொன்னது நீங்கள்தான்.

என் கணவரின் கழுத்தில் நெறி கட்டியபோது, தனியாரில் ஒருவர் கசநோய் என்று மாதக்கணக்கில் குளிசை கொடுத்தார். ஊசியால் குத்தி எடுத்தது போதாமல், நெறியை முழுதாக வெட்டிப் பரிசோதித்த பிறகே விஷயம் தெரிந்தது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றினார்கள். இன்று வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்கிறார். சுகம் விசாரிக்க வந்து, தேத்தண்ணீரைத் தொடாமல் எழும்பிப் போனவர்களையும் அந்த நாட்களில் கண்டோம். தொற்றிவிடுமாம். அதே காலத்தில்தான் அன்னமுன்னா இலையை அவித்துக் குடித்தால் புற்றுநோய் பறந்துவிடும் என்று அரைப்பக்கம் போட்டீர்கள். அதை வெட்டிக்கொண்டு வராத சொந்தக்காரர் இல்லை. மறுத்து எழுதினேன். அதை நாலு வரியாக நறுக்கி, கோயில் ஒலிபெருக்கிச் சத்தம் பற்றிய கடிதத்தின் கீழே ஒட்டிவிட்டீர்கள். மாமியாரின் மரண அறிவித்தலில் மயானத்தின் பெயரை மாற்றிப் போட்டு, சனம் வேறொரு மயானத்தில் போய் நின்றதும் உங்கள் தயவில்தான். காசு மட்டும் குறையாமல் வாங்கினீர்கள்.

இப்போது மகளின் முறை. சாதகம் பொருந்தி, அவர்கள் வீட்டுக்கு வர நாளும் வைத்தாயிற்று. புதன்கிழமை தரகர் வந்தார். சேட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த உங்கள் பத்திரிகைத் துண்டை எடுத்து, கோப்பைக்குப் பக்கத்தில் நீவி விரித்தார். கடைசிப் பந்திக்குக் கீழே சிவப்புப் பேனையால் கோடு. "நான் சொல்லேல்லை ரீச்சர், பேப்பரிலை போட்டிருக்கு" என்றார். ஆயுள் முழுக்க உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவளுக்கு நிறமூர்த்தப் பாடம் எடுக்க ஒரு தரகரை அனுப்பிவைத்தீர்கள். மிக்க நன்றி. மகள் ஒன்றும் பேசவில்லை. கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

அந்தச் சம்பந்தத்தைத் திருப்பித் தரும்படி நான் கேட்கவில்லை. ஒரு பேப்பர்த் துண்டுக்குப் பின்வாங்குகிற வீட்டில் பெண் கொடுக்க எங்களுக்கும் விருப்பமில்லை. வருகிற ஞாயிறு, அதே சுகாதாரப் பக்கத்தில், அதே எழுத்தளவில், அந்தக் கடைசிப் பந்தி பிழை என்று ஒரு வரி போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே வேண்டாம். இக்கடிதத்தையும் பிரசுரிப்பதானால், நிறமூர்த்த இலக்கங்களையாவது மாற்றாமல் போடும்படி தயவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
கோண்டாவில்.