முகவரி அனுப்பு, பாப்பா

பாப்பாவுக்கு,

வாட்ஸ்அப்பில் போட்டால் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை, அதனால் மெயிலில் எழுதுகிறேன். வேலை இருக்கும், தெரியும். நாலாவது செமஸ்டர் என்றால் சும்மாவா.

இங்கே வெயில் இன்னும் குறையவில்லை. சித்தப்பா கேஸ் இழுத்துக்கொண்டே போகிறது. பெரியப்பா வந்திருந்தார், "என்ன, முடிச்சிட்டாளா?" என்றார். இன்ஜினியரிங் படித்த பிள்ளை ஜெர்மன் இலக்கியத்துக்குப் போகிறதா என்று சிரித்த அதே பெரியப்பாதான். செப்டம்பரில் தீசிஸ் கொடுத்துவிடுவாள் என்று சொல்லிவைத்தேன். கொடுத்துவிடுவாய்தானே? பதிவு செய்துவிட்டாயா என்று நான் கேட்கவில்லை. செமினார் முடிந்தும் எழுதாமல் நின்ற ஹவுஸ்ஆர்பைட் கட்டுரைகளை முதலில் முடி. அங்கே யாரும் பின்னாலேயே வந்து கேட்க மாட்டார்கள் என்று நீதான் சொன்னாய், கேட்க ஆளில்லை என்றால் அது சேர்ந்துகொண்டேதான் போகும். நேரத்துக்குச் சாப்பிடு, கட்டுரையை முடி.

லைப்சிக் போன புதிதில் நாஷ்மார்க்ட் சதுக்கத்தில் கவிஞர் கோத்தேயின் இளவயதுச் சிலை பக்கத்தில் நின்று ஒரு படம் அனுப்பினாயே, அந்தப் பையனைப் பற்றி உட்கார்ந்து படித்தேன். அவனுக்குக் கோட்டிங்கனில் இலக்கியம் படிக்க ஆசை. சட்டம்தான், லைப்சிக்தான் என்று அவன் அப்பா 1765இல், அவனுடைய 16 வயதில், அனுப்பிவிட்டார். (இந்த ஒரு விஷயத்தில் நான் அவருக்கு மேல், ஒத்துக்கொள்.) ஓவிய வகுப்பு, கவிதை, ஒரு காதல் என்று மூன்று வருஷம் போனது. 1768இல் இரத்தம் கக்கிப் படுத்தவன் பட்டம் வாங்காமலேயே ஃபிராங்க்ஃபர்ட்டுக்குத் திரும்பிவிட்டான்.

உனக்கு இருமல் ஏதும் இல்லையே? போன தடவை பேசும்போது குரல் ஒரு மாதிரி இருந்தது, அம்மா சிக்னல் என்றாள்.

அவன் அப்பாவுக்கு மனக்குறைதான், ஆனாலும் ஒன்றரை வருஷம் வீட்டில் வைத்துப் பார்த்து, அப்புறம் ஸ்ட்ராஸ்பூர்க் அனுப்பினார். அங்கேயும் அவன் எழுதிய ஆய்வேட்டை ஏற்கவில்லை, 1771இல் டாக்டர் பட்டத்துக்கு ஒரு படி கீழான லைசென்ஷியேட்தான் கிடைத்தது. மூன்று வருஷம் கழித்து அவன் பேர் வாங்கிய வெர்தர் நாவல் வந்ததை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதற்குச் சொல்ல வந்தேன் என்றால், பாதியில் வீட்டுக்கு வந்தவனை அவர்களும் உள்ளேதான் விட்டார்கள். அதற்காக நீ அப்படிச் செய் என்று அர்த்தமில்லை. அவர்களுக்கு வசதி இருந்தது. நாம் உன் விசாவுக்காக பிளாக்ட் அக்கவுண்டில் 11,904 யூரோ கட்டுவதற்குக் கீழத்தெரு மனை போனது. சொல்லிக்காட்டவில்லை. ஆனால் அதையே நினைத்துக்கொண்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே, மனைதானே. நுங்கம்பாக்கத்தில் ஜெர்மன் படித்து சி1 பரீட்சை பாஸ் செய்து நீ போன் போட்ட அன்றைக்கு நான் ஆபீசில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன், சி1 என்றால் என்னவென்று ஒருத்தருக்கும் தெரியாது, எனக்குமே சரியாகத் தெரியாது. அந்தப் பிள்ளைக்கு இந்தக் கட்டுரைகள் ஒரு விஷயமா? முடி.

சரி, அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் கட்டிவைத்திருக்கிறாள். மாடி வீட்டுப் பையன் டிரெஸ்டன் போகிறான், லைப்சிக்கில் இறங்கிக் கொடுத்துவிட்டுப் போவானாம். பழைய ஹாஸ்டல் அறையில்தான் இருக்கிறாயா, மாறிவிட்டாயா? மாறியிருந்தாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். இப்போது எங்கே இருக்கிறாயோ அந்த முகவரியை வியாழக்கிழமைக்குள் அனுப்பு, அவன் வெள்ளிக்கிழமை கிளம்புகிறான்.

அப்பா